பேரம் தெரியாதவருக்கு

ஜனவரி 9

அன்புள்ள கறாருக்கு,

நான் நலம். நீயும் நலம் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் நேற்று போனில் நீ இருமியது கேட்டது. "ஒண்ணுமில்லங்க, தண்ணி புரையேறிடுச்சு" என்றாய். ஒரே பேச்சில் ஒருவருக்கு எத்தனை தடவை புரையேறும்? கேட்டிருப்பேன். ஆனால் சின்னவள் போனை ஸ்பீக்கரில் போட்டுக் கூடத்து மேஜையில் வைத்திருந்தாள். பக்கத்தில் மாப்பிள்ளை சாப்பிடும் சத்தம் வேறு. மகளும் மருமகனும் கேட்டுக்கொண்டிருக்கும்போது பெண்டாட்டியிடம் என்ன பேச முடியும்? "மழை பெய்யுதா?" என்றேன். "பெய்யுது" என்றாய். அதோடு சரி. அதனால்தான் பழையபடி தாளை எடுத்துவிட்டேன். தபால்காரர் ஸ்பீக்கரில் போட மாட்டார்.

வீடு அப்படியே இருக்கிறது. பூட்டிக் கிடந்த வாசனை போக ஜன்னல்களைத் திறந்து வைத்திருக்கிறேன். ஓய்வூதிய அலுவலகத்துக்குப் போய் உயிரோடு இருப்பதை நேரில் காட்டியாகிவிட்டது. அந்த அதிகாரி தலையை நிமிர்த்தாமலே "இருக்கீங்களா சார்?" என்று கேட்டார். "இருக்கேன்" என்றேன். ஒரு வருஷத்துக்கு அது போதுமாம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பெரியவன் என் டிக்கெட்டைப் பிப்ரவரி ஐந்துக்குப் போட்டுவிட்டான். மருமகளுக்கு லீவு முடிகிறது. வாண்டைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டி வர ஆள் வேண்டும். உன் தம்பி மகள் கல்யாணத்துக்கென்று சின்னவள் உனக்கு டிக்கெட் போட்டிருப்பதும் அதே ஐந்தாம் தேதிதான். நீ வீட்டுக்கு வருகிற அன்று நான் வீட்டை விட்டுப் போகிறேன். நம் பிள்ளைகள் தங்கமானவர்கள். ஆனால் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டு டிக்கெட் போடும் வழக்கம் மட்டும் இரண்டு பேருக்குமே கிடையாது.

முதலில் எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. பிறகு உன் தம்பி வந்து உன் டிக்கெட்டைக் காட்டினான். என்னுடையதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நீயும் நானும் விமானம் மாறுவது ஒரே ஊரில்! நீ காலையில் இறங்கிச் சாயங்காலம் ஏறுகிறாய். நான் உனக்குச் சற்றுப் பின்னால் இறங்கி, உனக்குப் பின்னால் ஏறுகிறேன். நடுவில் ஒரு பகல். டிக்கெட் போட்டுக் கொடுத்தவரை விசாரித்தேன். பகலில் ஊருக்குள் போய்வர விமான நிலையத்திலேயே முத்திரை குத்திக் கொடுப்பார்களாம்.

நீ மகள் வீட்டில் ஆயாவாகவும் நான் மகன் வீட்டில் காவல்காரனாகவும் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து, நாம் இரண்டு பேரும் மட்டும் சேர்ந்து ஒரு முழுப் பகல் இருந்ததே இல்லை. யோசித்துப் பார்.

உன்னிடம் நேரில் ஒன்று கேட்க வேண்டும். அங்கே கேட்கிறேன்.

உன் இருமலுக்கு மருந்து வாங்கினாயா என்று தெரியாமல் தவிக்கும்,
தெருமுனை

---

ஜனவரி 20

என்னங்க,

உங்கள் கடிதம் வந்தது. குளியலறையில் தாழ் போட்டுக்கொண்டு படித்தேன். வேறு இடம் ஏது? குட்டி கதவைத் தட்டி, "பாட்டி, என்ன பண்ற, என்ன பண்ற" என்று பிராணனை வாங்கினாள். இருமல் போய்விட்டது. நீங்கள் உங்கள் கால் வலியைக் கவனியுங்கள்.

சின்னவளிடம் மெதுவாகச் சொன்னேன். "அப்பாவும் அன்னைக்கு அந்த ஊர்லதான் இறங்குறாராம்." அவள், "அப்படியாம்மா, நல்லதாப் போச்சு, அப்ப எனக்கு ஒரு நல்ல பெட்டி வாங்கிட்டு வந்துடுங்க" என்றாள். அவளோடு ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிற நர்ஸ் சொன்னாளாம், அந்த ஊரில் ஒரு பெரிய கடைத்தெரு இருக்கிறது, பேரம் பேசத் தெரிந்தால் அள்ளிக்கொண்டு வரலாம் என்று. என்னிடம் போய்ப் பேரம் பேசத் தெரியுமா என்று கேட்கிறாள், பெற்ற மகள்!

எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நாம் இரண்டு பேரும் ஒரு கடைக்குள் சேர்ந்து நின்றதே இல்லை. நீங்கள் பார்த்த உத்தியோகம் அப்படி. எடை ஆய்வாளர் வருகிறார் என்றாலே காய்க்காரர் தராசைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே பாதி விலை. அது பேரமா? பயம். பயந்து கொடுத்த கத்தரிக்காயைக் கொண்டுவந்து சமைக்க எனக்கு மனசு வந்ததில்லை. அதனால்தானே உங்களைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு நான் மட்டும் போனேன்? நீங்களும் பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி, நான் வரும்வரை அசையாமல் நிற்பீர்கள். தெருமுனை என்று உங்களுக்குப் பேர் வைத்தது நானேதான். ஆனால் வீட்டுக்கு வரும் வழியெல்லாம், பக்கத்தில் நின்று "இது வேணுமா, அது வேணுமா" என்று கேட்கும் மற்ற புருஷன்மார்களைப் பார்த்து எனக்கு எத்தனை பொறாமை என்று உங்களிடம் சொன்னதில்லை.

அந்த ஊரில் உங்களை ஒருவருக்கும் தெரியாது. நீங்கள் வெறும் என் வீட்டுக்காரர். பக்கத்திலேயே நில்லுங்கள். வாயை மட்டும் திறக்காதீர்கள்.

என்ன கேட்கப் போகிறீர்கள்? இப்படிப் பாதியில் நிறுத்தினால் எனக்குச் சோறு இறங்குமா? எழுதித் தொலைத்தால் என்னவாம்? சரி, நேரிலேயே கேளுங்கள். வெளியே வரும் வழியில் முதல் நாற்காலி எதுவோ, அதில் உட்கார்ந்திருப்பேன்.

கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு வரவும்.

கறார்

---

பிப்ரவரி 8

என்னங்க,

நம் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். உங்கள் போன் என் எதிரே இருக்கிறது. அதைப் பார்க்கப் பார்க்க எரிச்சல்தான் வருகிறது.

நேற்று பெரியவன் வீட்டுப் போனில் பேசினோம். "பத்திரமா வந்து சேர்ந்தியா?" என்றீர்கள். "சேர்ந்தேன். நீங்க?" என்றேன். "நானும்" என்றீர்கள். பின்னால் மருமகள் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. நான் கேட்க வேண்டியதைக் கேட்காமல் போனை வைத்துவிட்டேன். இப்போது கேட்கிறேன். எங்கேங்க போனீர்கள்?

நடந்ததைச் சொல்கிறேன், எங்கே தப்பு என்று நீங்களே சொல்லுங்கள். முதல் நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தேன். நீங்கள் என்னைத் தாண்டிப் போனீர்கள். நானும் விட்டுவிட்டேன், ஏனென்றால் எனக்கும் உங்களைச் சட்டென்று அடையாளம் தெரியவில்லை. இளைத்துவிட்டீர்கள். நடை மட்டும்தான் காட்டிக்கொடுத்தது. ஓடிவந்து கையைப் பிடித்தேன். எவ்வளவோ பேச நினைத்துவிட்டு, "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டேன். நீங்கள், "பிளேன்லயே கொடுத்தாங்க" என்றீர்கள்.

ரயிலில் உங்கள் தோள் என் தோளில் இடித்துக்கொண்டே வந்தது. நான் குட்டிக்குப் பல் விழுந்த கதையைச் சொல்லிக்கொண்டு வந்தேன். பேச்சை நிறுத்தினால் அழுதுவிடுவேன் போல இருந்தது. நீங்கள் இரண்டு தடவை, "இல்ல, நான் என்ன சொல்ல வந்தேன்னா" என்று ஆரம்பித்தீர்கள். நான்தான் விடவில்லை.

அந்தக் கடைத்தெரு! தகரக் கூரையும், தோரணம் மாதிரி தொங்கும் பைகளும், ஒவ்வொரு பத்தடிக்கும் ஒரு சந்துமாக. கூட்டத்தில் எவனாவது அடித்துவிடுவான் என்று உங்கள் போனையும் வாங்கி என் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். பெட்டி விற்கிறவன் கால்குலேட்டரில் விலையைத் தட்டிக் காட்டினான். நான் அதை வாங்கி அழித்து என் விலையைத் தட்டினேன். அவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டான். நான் எழுந்து போவதுபோல் பாவனை செய்தேன். அவன் கூப்பிட்டான். மொழியே தெரியாத ஊரில் எனக்கு எல்லாமே புரிந்தது, எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா! அப்போது பக்கத்திலிருந்து ஒரு குரல், "நியாயமான விலையாத்தான் தெரியுது." நம் மொழியில்தான் சொன்னீர்கள். ஆனால் உங்கள் முகத்தைப் பார்த்தால் எந்த ஊர்க் கடைக்காரனுக்கும் புரியும். அவன் விலையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.

அது போகட்டும். அடுத்து உலர்ந்த பழக்கடை. நான் பேசிக்கொண்டே இருக்கிறேன், நீங்கள் குனிந்து அவனுடைய தராசின் அடியில் எட்டிப் பார்க்கிறீர்கள். "மட்டமா வைக்கல. சாஞ்சிருக்கு" என்கிறீர்கள். அந்த மனிதனுக்கு முகம் வெளிறிவிட்டது. நீங்கள் யார் என்று தெரியாது, ஆனாலும் என்னவோ தெரிந்துவிட்டது அவனுக்கு. பையில் இன்னும் இரண்டு கை அள்ளிப் போட்டுக் கும்பிடுகிறான். எனக்குத் தலைக்கு மேல் கோபம். ஆனால் சிரிப்பும் வந்தது. உங்களை ஏதோ திட்டிவிட்டு, அள்ளிப் போட்டதை அவனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, பக்கத்துக் கடையில் கம்பளிப் போர்வை பார்க்க ஆரம்பித்தேன். உங்களுக்குத்தான். எந்த நிறம் என்று கேட்கத் திரும்பினேன். நீங்கள் இல்லை.

நாம் வந்த வழியே ரயில் நிலைய வாசல்வரை ஓடினேன். திரும்பிப் பழக்கடைவரை வந்தேன். ஒவ்வொரு சந்திலும் எட்டிப் பார்த்தேன். பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பழக்கமில்லையே, "என்னங்க, என்னங்க" என்று கத்தினேன். அந்த ஊரில் யார் திரும்புவார்கள்? என் போன் அங்கே வேலை செய்யவில்லை. வேலை செய்த போன் உங்களுடையது, அது என் பைக்குள்ளேயே இருந்தது.

விமான நிலையத்துக்குப் போயிருப்பீர்கள் என்று நினைத்துக் கடைசி நிமிஷத்தில் ஒரு ரயிலைப் பிடித்தேன். ரயிலில் உங்கள் போன் அடித்தது. பெரியவன். "அப்பா, எங்கப்பா இருக்கீங்க?" "நான் அம்மாடா" என்றேன். "அப்பா எங்கம்மா?" என்றான்.

நீங்கள் அங்கேயும் இல்லை. என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள், ஏறிவிட்டேன். விமானத்தில் பக்கத்துச் சீட்டில் இருந்த பெண் காகிதக் கைக்குட்டை கொடுத்தாள்.

எங்கே போனீர்கள்?

கறார்

---

பிப்ரவரி 10

அன்புள்ள கறாருக்கு,

உன் கடிதம் எதுவும் இன்னும் வரவில்லை. நீயும் எழுதியிருப்பாய், இரண்டும் வழியில் ஒன்றையொன்று தாண்டிப் போகும். நம் ராசி அப்படி.

நான் நீ சொன்ன இடத்தில்தான் நின்றேன். பழக்கடையில் நீ, "இங்கயும் ஆரம்பிச்சிட்டீங்களா? போங்க, போய்த் தெருமுனைல நில்லுங்க" என்றாய். போனேன். வழக்கம்போல, வந்த வழியாக இல்லாமல், தெரு முடிகிற பக்கமாகப் போய் நின்றேன். ஊரில் எப்போதும் அப்படித்தானே? நீ வாங்கி முடித்து நேராக நடந்தால் என்னிடம்தான் வருவாய்.

அங்கே ஒரு சாவி செய்கிறவர் கடை போட்டிருந்தார். நான் நிற்பதைப் பார்த்து ஒரு முக்காலியை நகர்த்திப் போட்டார். உட்காரவில்லை. உட்கார்ந்தால் நீ வரும்போது கண்ணில் பட மாட்டேனே. உன் பேரம் நீள்கிறது என்று நினைத்தேன். நல்லதாக ஏதோ கிடைத்துவிட்டது, விடாமல் பேசுகிறாள் என்று நினைத்தேன். எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. உள்ளே வந்து பார்க்கலாமா என்று ஒரு தடவை தோன்றியது. நான் வந்தால் உன் விலை கெட்டுவிடுமே என்று நின்றுவிட்டேன். ஷட்டர் இழுக்கும் சத்தம் கேட்ட பிறகுதான் பகீரென்றது.

தெரு முழுக்க நடந்தேன். பழக்கடைக்காரர் கடையைக் கட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் தராசைக் காட்டினார். மட்டமாக வைத்திருந்தார். அவரிடம் கையால் உன் உயரத்தைக் காட்டிக் கேட்டேன். அவர் ரயில் நிலையப் பக்கம் கையைக் காட்டி, கண்ணிலிருந்து விரலால் கோடு இழுத்துக் காட்டினார். நீ அழுதுகொண்டு போனாய் என்று எனக்கு அவர்தான் சொன்னார்.

என் விமானமும் போய்விட்டது. மறுநாள்தான் வேறு கிடைத்தது. பெரியவன் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. மெதுவான குரலில், "இனிமே உங்க ரெண்டு பேரையும் தனியா அனுப்ப மாட்டோம்பா. சின்னவகிட்டயும் சொல்லிட்டேன். அம்மாவையும் யாரோடயாவதுதான் அனுப்பணும்" என்றான். பயந்துபோய்ச் சொல்கிறான், குற்றம் சொல்ல முடியாது. ஆனால் இனி அந்த ஊரிலோ வேறு ஊரிலோ நீயும் நானும் நடுவழியில் சந்திக்கிற வழி அடைபட்டுவிட்டது.

உன் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அருமையான ஒரு பகல் கைக்கு வந்தது, நழுவ விட்டுவிட்டோம். அவ்வளவுதான். ரயிலில் உன் தோள் என்மேல் இடித்தது. அதை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

தெருமுனை

---

பிப்ரவரி 21

என்னங்க,

நான் அப்படியா சொன்னேன்? உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். சொல்லியிருப்பேன். எத்தனை வருஷப் பேச்சு, நாக்கு தானாகவே சொல்லியிருக்கும். சொன்னது எனக்கே காதில் விழவில்லை பாருங்கள். பக்கத்திலேயே நில்லுங்கள் என்று ஆசை ஆசையாக எழுதியவளும் நான்தான்.

ஆனால் உங்களையும் சொல்ல வேண்டும். நான் "போங்க" என்றால் போய்விடுவதா? "நான் ஏன் போகணும்?" என்று ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா?

கல்யாணம் நன்றாக நடந்தது. எல்லோரும் உங்களை விசாரித்தார்கள். சாப்பாட்டுப் பந்தியில் என் பக்கத்து இலையில் யாரோ ஒரு பையைப் போட்டு இடம் பிடித்து வைத்திருந்தார்கள். கடைசிவரை அந்த இலைக்கு ஆள் வரவில்லை.

என்ன கேட்க வந்தீர்கள்? இந்தத் தடவையாவது எழுதிவிடுங்கள்.

கறார்

---

மார்ச் 3

அன்புள்ள கறாருக்கு,

எழுதுகிறேன்.

எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். வாண்டின் அறையில் அடுக்குக் கட்டிலில் கீழ்த்தட்டு என்னுடையது. தலையைத் தூக்கினால் மேல்தட்டில் இடிக்கும், அதனால் படுத்தபடியே உருண்டு இறங்கப் பழகிவிட்டேன். காலையில் மூன்று பேரும் கிளம்பிப் போனபின், மதியம் வாண்டைக் கூப்பிடப் போகும்வரை நான் வாயைத் திறக்க வேலை இல்லை. ஒருநாள் பள்ளிக்கூட வாசலில் வாண்டின் டீச்சர் ஏதோ கேட்டாள், பதில் சொல்லப் போனால் தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது. அன்றிலிருந்து சமையலறைத் தராசில் எதையாவது வைத்து எடையைச் சத்தமாகப் படிக்கிறேன். உருளைக்கிழங்கு, என் மூக்குக்கண்ணாடி, உன் கடிதம். மருமகள் ஒருநாள் பார்த்துவிட்டாள். "மாமா, போரடிக்குதா?" என்று கேட்டாள். நல்ல பெண். மறுநாள் எனக்கு ஒரு குறுக்கெழுத்துப் புத்தகம் வாங்கி வந்தாள்.

நாம் நம் வீட்டுக்குப் போய்விடலாமா? நீயும் நானும். பிள்ளைகளுக்கு அவசரம் என்றால் சேர்ந்து போய், சேர்ந்து திரும்பி வரலாம். மற்ற நாளெல்லாம் நம் வீட்டில். எனக்கு உன்னோடு இருக்க வேண்டும். இதற்கு மேல் காரணம் எதுவும் என்னிடம் இல்லை.

ரயிலில் இதைத்தான் சொல்ல வந்தேன். நான் இதை ஒரு தடவைதான் கேட்பேன். உன்னை நச்சரிக்க எனக்குத் தெரியாது. கடையில் விலைப்பலகையில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் விலை என்று ஊருக்கெல்லாம் சொல்லியே காலம் போய்விட்டது. நீ எதைச் சொன்னாலும் அதை அப்படியே எடுத்துக்கொள்வேன்.

தெருமுனை

---

மார்ச் 14

என்னங்க,

அதெப்படிங்க முடியும்?

குட்டி என் வயிற்றில் காலைப் போட்டால்தான் தூங்குவாள். சின்னவளுக்கு ஷிப்ட் மாறி மாறி வருகிறது, மாப்பிள்ளைக்குத் தோசைக்கரண்டியை எந்தப் பக்கம் பிடிப்பது என்றுகூடத் தெரியாது. தினமும் போன் பண்ணி, "எப்பம்மா வர்ற?" என்கிறாள். ஏப்ரல் இரண்டுக்கு டிக்கெட் போட்டாகிவிட்டது. அந்த நர்ஸ் லீவில் வந்திருக்கிறாள், அவளோடு சேர்த்து அனுப்புகிறார்கள். பெரியவன்தான் என்ன நினைப்பான்? அப்பாவைத் தான் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை என்று மருகிப் போவான்.

வீடு மட்டும் என்ன வாழ்கிறதாம்? பின்கட்டில் ஒழுகுகிறது. மோட்டார் அடிக்கடி மக்கர் பண்ணுகிறது. மாடிப்படி உங்கள் காலுக்கு ஆகாது. அவசரத்துக்கு ஒரு ஆள் கிடையாது. இந்த வயசில் இரண்டு பேரும் தனியாக உட்கார்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு என்ன செய்வது? நீங்கள் வருவீர்கள், இரண்டு நாளில் என் குழம்பில் உப்பு அதிகம் என்பீர்கள்.

எனக்குச் சரிப்படும் என்று தோன்றவில்லை. அப்புறம் உங்கள் இஷ்டம். வேறு என்ன சொல்ல இருந்தாலும் எழுதுங்கள், படிக்கிறேன்.

கறார்

---

மார்ச் 24

அன்புள்ள கறாருக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நீ சொன்னது ஒவ்வொன்றும் நியாயம். குட்டியை நான் யோசிக்கவில்லை. மாடிப்படியையும் யோசிக்கவில்லை.

பெரியவனிடம், நான் இங்கேயே இருந்துகொள்கிறேன், இனி போய்ப் போய் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவனுக்குச் சந்தோஷம். வீட்டைச் சும்மா பூட்டி வைப்பானேன், வாடகைக்கு விட்டுவிடலாம் என்றான். வங்கியில் வேலை பார்க்கும் ஒரு குடும்பம் வந்து பார்க்குமாம். பிடித்திருந்தால், நீ கிளம்பும்போது சாவியை உன் தம்பியிடம் கொடுத்துவிடு. என் பழைய எடைப் படிக்கற்கள் பரண் மேல் பெட்டியில் இருக்கின்றன. யாருக்காவது உதவும் என்றால் கொடுத்துவிடு.

உடம்பைப் பார்த்துக்கொள். இருமலை அலட்சியம் செய்யாதே.

உன்னவன்

---

ஏப்ரல் 2

என்னங்க,

அட சோணகிரி மனுஷா!

கட்டிய புருஷனை இப்படி எழுதக் கூடாதுதான். எழுதிவிட்டேன். நீங்கள் வந்து அடிக்கப் போவதில்லை. கடிதத்தை வாசலிலேயே பிரித்துப் படித்தேன். தபால்காரர், "என்னம்மா, ஏதாவது கெட்ட சேதியா?" என்று கேட்டார். "ஆமாங்க. எங்க வீட்டுக்காரர் சரின்னு எழுதியிருக்கார்" என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. உங்களுக்காவது புரிய வேண்டுமே.

ஏங்க, ஒரு பொருள் எனக்கு வேண்டும் என்றால் நான் என்ன செய்வேன்? துணி மட்டம், சாயம் போகும், ஓரம் பிரிந்திருக்கிறது என்பேன். வேண்டாத பொருளை நான் தொட்டுக்கூடப் பார்க்க மாட்டேன். பின்கட்டு ஒழுகுகிறது, மோட்டார் மக்கர் என்று ஒரு பக்கத்துக்குக் குறை எழுதியிருந்தேனே, என்ன என்று நினைத்தீர்கள்? மறுபடியும் கேட்பீர்கள் என்று நினைத்தேன். "ஒழுகினால் என்ன, ஓடு மாற்றலாம், வா" என்று எழுதுவீர்கள், நான் இன்னும் கொஞ்சம் பிகு பண்ணுவேன், நீங்கள் இன்னும் கொஞ்சம் இறங்கி வருவீர்கள் என்று நினைத்தேன். என்னை யாரும் இரண்டாம் தடவை கேட்டதே இல்லைங்க. பெண் பார்க்க வந்தபோதும் நீங்கள் ஒரு தடவைதான் கேட்டீர்கள். பிள்ளைகள் கேட்பதே இல்லை, டிக்கெட்டை அனுப்பிவிடுகிறார்கள். ஒரே ஒரு தடவை, என்னை யாராவது விடாமல் கேட்டுக் கெஞ்ச வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது. தினமும் தபால் வரும் நேரத்துக்கு வாசலில் போய் நின்றேன். நீங்கள் என்னடா என்றால் படிக்கற்களைத் தானம் பண்ணச் சொல்கிறீர்கள்.

அந்த வங்கிக் குடும்பம் வந்தது. மூலைக்கு மூலை கூட்டிப் போய் ஒழுகும் இடமெல்லாம் காட்டினேன். இல்லாத ஒழுகல் இரண்டையும் சேர்த்துக் காட்டினேன். அந்த அம்மா, "ஏன் ஆன்ட்டி, நீங்க எப்படி இங்க இருக்கீங்க?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

நேற்று சின்னவளோடு பேசினேன். ஸ்பீக்கரை அணைக்கச் சொன்னேன். முதல் தடவையாகச் சொன்னேன், பதறிவிட்டாள். "நான் வரலைடி" என்றேன். "கோவமாம்மா? நான் ஏதாவது சொல்லிட்டேனா?" என்று அழுதாள். "கோவம் இல்லடி. எனக்கு அப்பா வேணும்" என்றேன். பிறகு, "இதை ஏம்மா இத்தனை நாள் சொல்லல?" என்றாள். நீயும் உன் அண்ணனும் ஒரு தடவைகூடக் கேட்கவில்லையே என்று வாய்வரை வந்தது. விட்டுவிட்டேன். குட்டியைப் பக்கத்தில் ஒரு வீட்டில் விட ஏற்பாடு செய்கிறாளாம். குட்டி என்னோடு பேச மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அதுதான் இன்னும் நெஞ்சில் நிற்கிறது. அவளில்லாமல் இரண்டு மாதமாக வயிறு வெறுமையாக இருக்கிறது, தூக்கம் வரவில்லை.

அந்த நர்ஸ் காலையில் டாக்சியில் வந்து ஹாரன் அடித்தாள். போய்ச் சொல்லி அனுப்பிவிட்டேன். இப்போது விமானம் கிளம்பியிருக்கும். வீட்டில் கடிகாரச் சத்தத்தைத் தவிர ஒன்றும் இல்லை. அடுப்பில் ஒருத்திக்கு எவ்வளவு அரிசி வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை, இரண்டு பேருக்கு வைத்து வைத்து மீதியைக் கொட்டிக்கொண்டிருக்கிறேன்.

நீங்கள் பெரியவனுக்கு வாக்குக் கொடுத்துவிட்டீர்கள். சொன்ன சொல்லை மாற்றுகிற ஆள் இல்லை நீங்கள், எனக்குத் தெரியும். வாண்டும் உங்கள் சட்டையைப் பிடித்துக்கொள்வான். வர முடியாது என்றால் எனக்கு எழுதுங்கள், சண்டை போட மாட்டேன். இங்கேயே இருந்துகொள்வேன். இந்த வீட்டில் தனியாக இருப்பது அந்த வீட்டில் மூன்று பேரோடு தனியாக இருப்பதைவிட ஒன்றும் மோசமில்லை.

எனக்கு இப்படிக் கேட்டுப் பழக்கமில்லை. கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. உங்களுக்குப் புரிகிற மாதிரி ஒரே தடவை சொல்கிறேன்.

வாங்க.

கறார்